மஞ்சள் விளக்கு பொய் சொல்லவில்லை: ஒரு வெல்டிங் மெஷினில் போர்டு மாற்றிய கதை

ஒரே மெஷின், சில நாள் இடைவெளியில் இரண்டு முறை என் மேசைக்கு வந்தது. முதல் முறை வந்தபோது அதன் கண்ட்ரோல் போர்டு நன்றாகவே இருந்தது. கெட்டுவிட்டது என்று நானாகத் தீர்ப்பு எழுதிக் கழற்றினேன். இரண்டாம் முறை வந்தபோது உள்ளே பாதி கருகியிருந்தது. இடையில் நடந்ததில் என் பங்கு பெரியது என்பதால், பழுது பார்க்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் ஓடும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் அது. உள்ளே இரண்டு போர்டுகள். கீழே படுத்திருப்பது பவர் போர்டு: மெயின்ஸை (சுவர் பிளக்கிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை) டிசியாக மாற்றும் பிரிட்ஜ், அந்த மின்சாரத்தைத் தேக்கிவைக்க இணையாகக் கட்டிய நான்கு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள், நான்கு ஐஜிபிடிகள் (பெரிய கரண்டை வேகமாக விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்சுகள்), மின்விசிறிக்கும் மற்றவற்றுக்கும் 24 வோல்ட் தரும் ஒரு சிறிய எஸ்எம்பிஎஸ் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பவர் சப்ளை). மேலே நிற்பது கண்ட்ரோல் போர்டு. துடிப்புகளை உருவாக்கும் எஸ்ஜி3525 சிப்பும், அந்தத் துடிப்புகளை ஐஜிபிடிகளின் கேட்டுக்கு (அந்தச் சுவிட்சை இயக்கும் காலுக்கு) கொண்டுபோகும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் அதில்தான் இருக்கின்றன.

புகார்

"மஞ்சள் விளக்கு எரிகிறது, ஆர்க் அறுந்துவிடுகிறது" என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். ஆர்க் என்பது வெல்டிங் ராடின் நுனியில் எரியும் மின்பொறி. இந்த மாடலில் அதிக வெப்பத்துக்கும் அதிக கரண்டுக்கும் ஒரே மஞ்சள் விளக்குதான். மெஷினை ஓட்டும் மூத்த வெல்டர் கூடவே வந்திருந்தார். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது: "4 மில்லிமீட்டர் ராடு போட்டால் காலையில் முதல் இரண்டு ராடுதான் அண்ணே தகராறு. அப்புறம் சொன்ன பேச்சு கேட்கிறது. 2.5 ராடுக்கு எப்போதும் பிரச்சினை இல்லை."

வெப்பத்தால் வரும் கோளாறு நேரம் போகப்போக முற்றும். இது நேர்மாறாக, மெஷின் சூடேறியதும் சரியாகிறது. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு மூடியைக் கழற்றப் போனேன்.

விசிறி நின்றால் போதுமா?

மூடியைத் திறந்த பிறகு செய்ததில் ஒரு பகுதியையாவது சரியாகச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் உயிர் போகக்கூடிய நேரம் இந்த முதல் பத்து நிமிடம்.

பின்பக்க சுவிட்சை அணைப்பது துண்டிப்பு ஆகாது. சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் கேபிள் முனைகளில் மின்சாரம் அப்படியே நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, நான் வேலை செய்யும் இடத்திலிருந்து என் கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்துவிடுவேன். யாராவது "உதவி" செய்வதாக நினைத்து அதை மறுபடி சொருகிவிடக் கூடாது.

அடுத்தது கெப்பாசிட்டர்கள். 230 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் உச்ச அளவான சுமார் 325 வோல்ட் அவற்றில் ஏறி நிற்கும். நான்கும் சேர்ந்து 1880 மைக்ரோஃபாரட். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 100 ஜூல். இதை வடிய வைப்பதற்காக 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இணையாகப் போடப்பட்டிருக்கிறது. அது மட்டும் நல்ல நிலையில் இருந்தால், 325 வோல்ட் 50க்குக் கீழே இறங்கச் சுமார் இரண்டே முக்கால் நிமிடம் ஆகும். மூடியில் "5 நிமிடம் காத்திருக்கவும்" என்று ஒட்டியிருப்பது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் அந்த ரெசிஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? மெஷின் ஓடும் நேரமெல்லாம் அதில் இரண்டு வாட்டுக்கு மேல் சூடாக எரிகிறது. அடியில் போர்டு பழுப்பேறியிருப்பதைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும். இந்த மெஷினில் அது ஓப்பன் ஆகியிருந்தது, அதாவது உள்ளே அறுந்துபோயிருந்தது. பிளக்கைப் பிடுங்கிய சில விநாடிகளில் விசிறி நின்றது, பேனல் விளக்கு அணைந்தது, ஐந்து நிமிடமும் கழிந்தது. மீட்டர் வைத்தால் 86 வோல்ட். காரணம் எளிது: 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் அதே கெப்பாசிட்டர்களிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. ஏறக்குறைய 90 வோல்ட் வரும்வரை அது வேகமாக உறிஞ்சிவிட்டுப் பிறகு தானே நின்றுவிடுகிறது. மீதி அங்கேயே தங்கும். விசிறி நின்றதைப் பார்த்து "எல்லாம் அணைந்துவிட்டது" என்று நினைப்பவரை அந்த மீதி பிடித்துக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ்ஸே கெட்டிருந்தால் இன்னும் மோசம்; முழு 325 வோல்ட்டும் நிற்கும்.

என்னுடன் வேலை கற்கும் பையன் விசிறி நின்றதும் ஹீட்சிங்கின் (வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியக் கட்டியின்) திருகைக் கழற்றக் கையை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். இந்த வகை மெஷின்கள் பலவற்றில் ஐஜிபிடிக்கு அடியில் காப்புத் தகடே இருக்காது; வெப்பம் நன்றாக இறங்கட்டும் என்று நேரடியாகத் திருகியிருப்பார்கள். அப்படியானால் அந்த அலுமினியக் கட்டியே மெயின்ஸ் மின்னழுத்தத்தில் நிற்கும் ஒரு முனை. பார்ப்பதற்கு வெறும் உலோகம்.

ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க வடிய வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கெப்பாசிட்டர் முனையையும் போர்டின் செம்புத் தடத்தையும் அது தின்றுவிடும்; தெறிக்கும் உலோகத் துளி கண்ணுக்குப் போகும். நான் 1 கிலோ ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டருக்கு இரண்டு காப்பிட்ட கிளிப்புகள் வைத்திருக்கிறேன். பத்து விநாடியில் வேலை முடியும். பிறகு மீட்டரால் மறுபடி அளப்பேன். அந்த மீட்டரையும் அளப்பதற்கு முன்னும் பின்னும் தெரிந்த ஒரு மின்சாரத்தில் வைத்துச் சரிபார்ப்பேன். கம்பி அறுந்த மீட்டரும் சுழியத்தைத்தான் காட்டும்.

தப்பாகப் போன தர்க்கம்

ரெசிஸ்டரை மாற்றினேன். அதிக வெப்பத்தில் தொடர்பை அறுக்கும் வெப்ப சுவிட்சை அளந்தேன்: தொடர்பு அறாமல் இருந்தது, நல்ல நிலை. ஐஜிபிடிகளை டயோடு நிலையில் பார்த்தேன்: நான்கும் சரி. கண்ட்ரோல் போர்டுக்குப் போகும் 24 வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்த்தேன்: 22.9. விசிறி நன்றாகச் சுற்றியது. மெஷினை ஓட்டி 160 ஆம்பியரில் ஒரு ராடு போட்டேன். பாதியில் மஞ்சள் விளக்கு எரிந்து ஆர்க் அறுந்தது. ஹீட்சிங்க் அருகே வெப்பமானி வைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் இல்லை. கிளாம்ப் மீட்டரில் கரண்டும் அளவுக்கு மேல் போகவில்லை.

வெப்பமும் இல்லை, கரண்டும் இல்லை, ஆனால் விளக்கு எரிகிறது. ஆகவே கண்ட்ரோல் போர்டு பொய் சொல்கிறது. இதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. மூன்றாவதாக ஒன்றை அந்தப் போர்டு கவனித்துக்கொண்டிருக்கக் கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே மாடல் பெயர், அதே அளவு, அதே கனெக்டர்கள் கொண்ட புதிய போர்டு வந்தது. மாற்றும் வேலையை ஒழுங்காகவே செய்தேன். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டேன். (மின்சாரம் இருக்கும் மெஷினில் கை வைக்கும்போது இந்தப் பட்டையைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், நிலைமின்னுக்கு நல்லது மெயின்ஸுக்கு நல்லதல்ல.) கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தேன், கனெக்டர்களுக்குச் சீட்டு ஒட்டினேன். இந்த மெஷினில் வெப்ப சுவிட்சுக்கும் விசிறிக்கும் ஒரே மாதிரியான இரண்டு பின் கனெக்டர்கள். மாற்றிச் சொருகினால் வெப்ப சுவிட்சு 24 வோல்ட்டை ஷார்ட் செய்யும். ஞாபகத்தை நம்பக் கூடாத இடம் அது.

புதிய போர்டுடன் 160 ஆம்பியரில் நான்கு ராடு போட்டேன். விளக்கு எரியவில்லை. வெல்டருக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை. பழைய போர்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். குப்பையில் போடாதது மட்டும்தான் அன்று எனக்கிருந்த ஒரே புத்தி.

ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் காலை, அன்றைய முதல் 4 மில்லிமீட்டர் ராடைத் தொட்டதும் மெஷினுக்குள் ஒரு வெடிச் சத்தம், பிரேக்கர் விழுந்தது. திறந்து பார்த்தால் ஒரு பக்கத்து இரண்டு ஐஜிபிடிகளும் மூன்று கால்களுக்கிடையிலும் ஷார்ட். அவற்றின் கேட் ரெசிஸ்டர்கள் ஓப்பன், கேட்டைக் காக்கும் ஜீனர்கள் ஷார்ட், புதிய கண்ட்ரோல் போர்டின் டிரைவர் பகுதியில் இரண்டு மாஸ்ஃபெட்கள் (சிறு டிரான்சிஸ்டர்கள்) போய்விட்டன. ஐஜிபிடி வெடிக்கும்போது மெயின்ஸ் மின்னழுத்தம் கேட் வழியாகப் பின்னோக்கிப் பாயும். வழியில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகும். இந்தக் காரணத்தால்தான், வெடித்த ஐஜிபிடியை மட்டும் மாற்றி உடனே மின்சாரம் கொடுப்பவர்கள் இன்னொரு ஜோடி ஐஜிபிடியையும் வெடிக்க விடுகிறார்கள்.

புதிய போர்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கியிருக்கலாம். அந்த ஆசை வந்ததையும் மறைக்கவில்லை.

அலமாரியிலிருந்து பழைய போர்டை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இரண்டிலும் மூலையில் அச்சிட்ட பதிப்பு எண் வேறு. பழைய போர்டில் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இரண்டு உயர் மின்னழுத்த டயோடுகளும் ஓர் ஆப்டோகப்ளரும் (ஒளி வழியாகச் செய்தி கடத்தும் பாகம்) இருந்தன. புதியதில் அந்த மூன்று இடமும் காலி. ஒரு துண்டுக் கம்பியால் பாலம் போட்டு சாலிடர் செய்திருந்தார்கள்.

அந்த மூன்று பாகங்கள்தான் நான் யோசிக்காமல் விட்ட மூன்றாவது காவல். ஐஜிபிடி முழுமையாகத் திறந்து கரண்டை விடும்போது அதன் மற்ற இரண்டு கால்களான கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்தான் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் அது அரைகுறையாகத் திறந்து, உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டயோடுகள் அதைப் பார்த்து ஆப்டோகப்ளர் வழியாகச் சொல்ல, போர்டு மஞ்சள் விளக்கைப் போட்டு நிறுத்தும். ஹீட்சிங்க் சூடாவதற்குள், கரண்டு ஏறுவதற்குள் நிறுத்திவிடும். பழைய போர்டு தினமும் காலையில் ஐஜிபிடிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் காவலாளியை வெளியேற்றிவிட்டு, சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

24 வோல்ட்டின் உள்ளே

அப்படியானால் ஐஜிபிடி ஏன் அரைகுறையாகத் திறந்தது? கேட்டுக்கு 15 வோல்ட் போகவில்லை என்பதே முதல் சந்தேகம். கேட்டுக்குப் போவது 24 வோல்ட் தடத்திலிருந்துதான். அந்தத் தடத்தை நான் மல்டிமீட்டரில் மட்டும் பார்த்திருந்தேன். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி.

கெட்ட ஐஜிபிடிகள் மட்டுமல்ல, நான்கையும் கழற்றினேன். அவற்றின் கேட் இருந்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் 3.3 நானோஃபாரட் கெப்பாசிட்டரைத் தற்காலிகமாக வைத்தேன். டிரைவரின் கண்ணுக்கு ஐஜிபிடியின் கேட் அப்படித்தான் தெரியும். கண்ட்ரோல் இடத்தில் பழைய போர்டு; ஐஜிபிடி இல்லாததைக் கோளாறென்று எண்ணி நிறுத்திவிடாதபடி அதன் மூன்றாவது காவலை மட்டும் தற்காலிகமாக விலக்கினேன். மெயின்ஸில் 100 வாட் பல்பு ஒன்றைச் சீரிஸாகக் கட்டினேன். மின்சாரம் கொடுத்ததும் கெப்பாசிட்டர்கள் நிரம்ப ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு விசிறியும் எஸ்எம்பிஎஸ்ஸும் இழுக்கும் அளவுக்கு மங்கலாக நின்றது. நல்ல அறிகுறி. ஷார்ட் இருந்திருந்தால் முழு ஒளியில் நின்றிருக்கும், வேறு சேதம் வந்திருக்காது. குண்டு பல்பு பழைய காலத்துப் பொருள் என்பவர்கள் என் மேசைப் பக்கம் வந்து பார்க்கலாம்.

மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 24 வோல்ட் பக்கம் மெயின்ஸிலிருந்து பிரிந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு அங்கே சாதாரண புரோபை வைத்தேன். கேட் பக்கம் அப்படியல்ல. அது மெயின்ஸோடு சேர்ந்தது. புரோபின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டினால் ஸ்கோப்பின் எர்த் வழியாக நேரடி ஷார்ட். அதற்கு எர்த்தோடு சேராமல் இரண்டு முனைகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். ஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டு வேலை செய்பவர்கள் ஸ்கோப்பின் உலோகப் பெட்டியையே 325 வோல்ட்டுக்கு உயர்த்துகிறார்கள். கண்ட்ரோல் போர்டையும் "சின்ன வோல்ட் போர்டு" என்று எண்ணிவிடக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் போர்டில் ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள். அந்தப் பிளவுக்கு அப்பால் இருப்பதெல்லாம் மெயின்ஸ்.

திரையில் தெரிந்தது: 24 வோல்ட் தடம் நேர்கோடாக இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் 17.5 வரை பள்ளம் விழுந்தது. அதே விகிதத்தில் கேட்டில் 15க்குப் பதில் 11க்கும் குறைவு. சிறு கரண்டுக்கு 11 வோல்ட் போதும். 160 ஆம்பியர் கேட்கும்போது போதாது. 2.5 ராடுக்குப் பிரச்சினை இல்லாததன் விடை அங்கே கிடைத்தது. கண்ட்ரோல் சிப் ஏன் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை? அதற்கு 15 வோல்ட் ரெகுலேட்டர் வழியாகப் போகிறது, உள்ளே 17.5 வந்தாலும் வெளியே 15 வந்துவிடும். சிப் தன் மின்சாரம் 8 வோல்ட் அளவுக்கு இறங்கினால்தான் நிற்கும். அதன் பார்வையில் எல்லாம் சுகம்.

பத்து நிமிடம் ஓடவிட்டேன். பள்ளம் மெல்ல மெல்ல நிரம்பி 21 வரை வந்தது. காலை நேரக் கோளாறின் காரணம் திரையிலேயே நடந்துகொண்டிருந்தது. உள்திரவம் வறண்ட எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்தடை குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடேறினால் குறையும். அணைத்து, வடியவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டிலிருந்த 470 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தேன்: 58 மைக்ரோஃபாரட், உள்தடை பல ஓம். தலை உப்பவில்லை, ஒழுகவில்லை. அது நின்ற இடம், ஓப்பன் ஆன அந்த 47 கிலோ ஓம் ரெசிஸ்டரிலிருந்து ஒரு விரல் தூரம். ஒரே சூடு இரண்டையும் கொன்றிருக்கிறது. முதல் நாளே பழுப்பு வளையத்தைப் பார்த்தேன். ரெசிஸ்டரை மாற்றிவிட்டு, அதன் பக்கத்து வீட்டை விசாரிக்காமல் விட்டேன்.

கட்டியதும் மின்சாரம் கொடுத்ததும்

கெப்பாசிட்டரை 105 டிகிரி வகையில், உள்தடை குறைந்ததாகப் போட்டேன். வடிகால் ரெசிஸ்டரை மறுபடி கழற்றி, போர்டிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமுள்ள பக்கமாகத் திருப்பி வைத்தேன். நான்கு ஐஜிபிடிகளையும் ஒரே தொகுப்பிலிருந்து போட்டேன். இரண்டு பழையது, இரண்டு புதியது என்று கலந்தால் சுமை சமமாகப் பிரியாது. கேட் ரெசிஸ்டர்கள், ஜீனர்கள் எட்டும் புதிது. வெப்பப் பசையை மெல்லிய படலமாகத்தான் தடவ வேண்டும். அள்ளிப் பூசினால் அதுவே வெப்பத்துக்குத் தடுப்பாகிவிடும். சாலிடர் செய்த இடங்களைக் கழுவி, காப்பு வார்னிஷை மறுபடி பூசினேன். வெல்டிங் மெஷின் தன் விசிறியால் கிரைண்டர் தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும் சாதனம். வார்னிஷ் இல்லாத கேட் தடம் அதில் அதிக நாள் தாங்காது.

மின்சாரத்தைப் படிப்படியாகக் கொடுத்தேன். முதலில் கண்ட்ரோல் போர்டுக்கு மட்டும் வெளியிலிருந்து 24 வோல்ட், மெயின்ஸ் இல்லாமல்: நான்கு கேட்டிலும் துடிப்பு ஒரே உயரமா, எதிரெதிர் ஜோடிகளுக்கு நடுவே இரண்டும் மூடிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு சீரிஸ் பல்போடு மெயின்ஸ். பல்பு மங்கியது, வெளியீட்டில் சுமையில்லா மின்னழுத்தம் 67 வோல்ட். இந்த அளவும் கவனத்துக்குரியதுதான், வெல்டிங் மெஷின்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60974-1 டிசிக்கு அனுமதிக்கும் உச்சம் 113 வோல்ட். அதன் பிறகே பல்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரம். முதல் நேரடி மின்சாரத்தின்போது மூடி போட்டிருந்தது, நானும் ஒதுங்கி நின்றேன்.

80, 120, 160 ஆம்பியர் என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் டிசி கிளாம்ப் மீட்டரோடு பேனல் எண்ணை ஒப்பிட்டேன். இரவு முழுதும் குளிரவிட்டு, மறுநாள் காலை முதல் ராடே 4 மில்லிமீட்டர், 170 ஆம்பியர். 24 வோல்ட் தடத்தில் பள்ளம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. மஞ்சள் விளக்கு எரியவில்லை. இந்த முறை காவலாளி உள்ளே இருக்கும்போதே எரியவில்லை.

ஒப்படைக்கும் முன் காப்புச் சோதனை. 500 வோல்ட் மெகர் (காப்பின் தடையை அளக்கும் கருவி) வைப்பதற்கு முன் பிரிட்ஜையும் வெளியீட்டு டயோடுகளையும் கம்பியால் ஷார்ட் செய்து, கண்ட்ரோல் போர்டைக் கழற்றி, திடீர் மின்னழுத்த எழுச்சியை உறிஞ்ச எர்த்துக்குப் போகும் வேரிஸ்டரையும் விலக்கினேன். இதைச் செய்யாமல் மெகர் வைத்தால் பழுது பார்த்ததை நாமே கெடுத்துவிடுவோம். ஐ.இ.சி. 60974-4 கேட்பது மெயின்ஸுக்கும் வெல்டிங் முனைகளுக்கும் நடுவே 5 மெகாஓம், இந்த இரண்டில் ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே 2.5 மெகாஓம். மூன்றும் அதைத் தாண்டி வெகு மேலே இருந்தன. எர்த் கம்பியின் தொடர்ச்சி 0.1 ஓம். கழற்றிய ஷார்ட் கம்பிகளை எண்ணி மேசைமேல் வைத்த பிறகே மூடியைப் போட்டேன். எத்தனை போட்டேன் என்று முன்பே எழுதிவைத்திருந்தேன்.

புதிய போர்டின் விலையை நானே ஏற்றுக்கொண்டேன். மெஷினில் இப்போது ஓடுவது நான் கெட்டதென்று கழற்றிய அதே பழைய போர்டு.

அந்தப் பட்டறையில் இதே மாடலில் இன்னொரு மெஷின் இருந்தது, ஒரே சமயத்தில் வாங்கியது. கோளாறு எதுவும் இல்லை என்றார் வெல்டர். இருந்தாலும் கொண்டுவரச் சொன்னேன். வடிகால் ரெசிஸ்டர் வேலை செய்தது, அடியில் பழுப்பு வளையம் மட்டும். அதே 24 வோல்ட் கெப்பாசிட்டர் 470க்குப் பதில் 240 மைக்ரோஃபாரட் காட்டியது. அதையும் மாற்றிக் கொடுத்தேன்.